முப்பத்தெட்டாவது கேள்வி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கெட்ட செய்தி எதுவும் இல்லை, நல்ல செய்திதான். அதற்கே கால் இப்படி ஆடுகிறது.

எழுபத்தொன்று. ஆலைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நூற்றுக்கு எழுபத்தொரு குடும்பங்கள், இப்போது கிடைப்பது "போதும்" என்று சொல்லியிருக்கின்றன. நலத்துறை வாரத்துக்கு ஒரு பை கொடுக்கிறது. மாவு, எண்ணெய், பருப்பு, சோப்பு. அந்தப் பையை நம்பி அடுப்பு எரியும் தெரு அது. மேட்டில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும் இடத்தில், அறுபத்துநான்கு பேர் "போதாது" என்கிறார்கள்!

எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. எதைச் சொன்னாலும் "சராசரியா எவ்வளவு?" என்பார். என் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டபோது, குழந்தைகளுக்குச் சராசரியாக எத்தனை நாள் காய்ச்சல் இருக்கும் என்று கேட்ட மனிதர். இன்று என்னைப் பார்த்து, "உன் கேள்விதான் ஜெயிச்சிருக்கு" என்றார். பதினோரு வருடத்தில் முதல் பாராட்டு.

உண்மைதான், முப்பத்தெட்டாவது கேள்வி நான் எழுதியது. வெளிநாட்டிலிருந்து வந்த வினாத்தாளில் 'திருப்தி' என்று பொருள்வரும் சொல் இருந்தது. அடுப்படியில் நிற்பவரிடம் போய், திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார். அதை அடித்துவிட்டு, "உங்கள் குடும்பத்துக்கு இப்போது கிடைப்பது போதுமா?" என்று போட்டேன். கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விதியும் எழுதினேன்: முதலில் வாயில் வரும் சொல்லையே குறியுங்கள், விளக்கம் கேட்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள். யோசிக்க விட்டால் மனிதர்கள் பூசி மெழுகுவார்கள் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை.

ஜூன் 5, வியாழன்

கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்: 'இல்லாதோரின் நிறைவு'. அவர் பெயருக்கு அடுத்து என் பெயர். நாலு தடவை திறந்து பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

ஆகஸ்டில் ஒரு நிரந்தரப் பணியிடம் வருகிறது. கட்டுரை நலத்துறையில் எடுபட்டால் அது எனக்கு என்று சராசரி வாய்விட்டே சொல்லிவிட்டார். நிரந்தரம் என்றால் ஊழியர் குடியிருப்பில் வீடு உண்டு. இந்த வீட்டை ஜூலை முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாடி வேண்டுமாம். நியாயம்தான், சண்டை போடவும் முடியாது.

அதனால் சந்தோஷமாக இருக்க வேண்டிய எல்லாக் காரணமும் இருக்கிறது. பின் எதற்காக இந்தப் பரபரப்பு? அறிக்கையின் கடைசிப் பக்கத்தை இன்று படித்தேன். பரிந்துரை: ஆலைத் தெரு மக்கள் மனநிறைவோடு இருப்பதால், பையைப் பாதியாக்கலாம். மிச்சமாவதைக் கொண்டு 'முன்னேற்ற ஆர்வத்தைத் தூண்டும்' பயிற்சி வகுப்பு நடத்தலாம்.

வயிறு நிறைந்துவிட்டதால் இனி ஆசையை வளர்க்க வேண்டுமாம். சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா போனில். வீடு பார்த்தாச்சா என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒரு கவலையும் இல்லை, எல்லாம் கைகூடி வருகிறது என்று அளந்துவிட்டேன். "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு வேறு வேலையே இல்லையா, என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க? எரிச்சலில் போனை வைத்தேன். இருபது நிமிடம் பாத்திரம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள்.

ஜூன் 12, வியாழன்

வழக்கமான தரச் சோதனை. எல்லா நேர்காணலும் ஒலிப்பதிவு ஆகியிருக்கும். அதில் இருபதை எடுத்துக் கேட்டு, ஒழுங்காகக் குறித்திருக்கிறார்களா என்று நான் சான்று தர வேண்டும். பாதியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

முதலில் பதினேழாம் எண் வீடு. துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மா. எங்கள் கணக்கெடுப்பாளரிலேயே வேகமான பெண்தான் போயிருக்கிறாள். டிக் என்று கூப்பிடுவோம், கட்டத்தில் டிக் அடிக்கும் அவள் விரல் அப்படி. ஐம்பத்திரண்டாவது நிமிடம். இஸ்திரிப் பெட்டி மேசையில் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரோ வாசலில் நின்று சட்டை தயாரா என்கிறார்கள். டிக் கேட்கிறாள்:

"உங்க குடும்பத்துக்கு இப்ப கிடைக்கிறது போதுமா?"

"போதும்மா. போதும். துணி தீஞ்சுடும்."

"நன்றிங்க. அடுத்த கேள்வி."

பின்னால் ஓட்டிக் கேட்டேன். மறுபடியும் ஓட்டிக் கேட்டேன். எட்டுத் தடவை இருக்கும். அந்த அம்மா பையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மணி நேரமாகக் கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறாயே, நிறுத்து என்கிறார். நாங்கள் அதை மனநிறைவு என்று குறித்திருக்கிறோம்.

எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இருபது பதிவோடு நிறுத்த முடியவில்லை. அறுபது கேட்டுவிட்டேன். காதில் ஹெட்போன் பஞ்சு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

காவலாளி ஒருவர். குரலில் கூச்சம். விருந்துக்குப் போன இடத்தில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் கையை மறித்துச் சொல்வோமே, அந்தப் "போதும் போதும்". பசி இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். நான் சொல்ல மாட்டேனா? போன மாதம்கூட நாத்தனார் வீட்டில் சொன்னேன், வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிட்டேன்.

ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "போதும்னு வச்சுக்குங்க" என்கிறார். வைத்துக்கொண்டோம்.

ஒரு பெண் திருப்பிக் கேட்கிறாள்: "போதலைன்னு சொன்னா இருக்கறதையும் நிறுத்திடுவீங்களா?" டிக் விதிப்படி பதில் சொல்லவில்லை. விளக்கம் கொடுக்கக் கூடாது அல்லவா. "அப்ப போதும்" என்கிறாள் அந்தப் பெண். குறித்தாயிற்று.

நிஜமாகவே போதும் என்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு அம்மா, மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், இனி எங்களுக்குப் பை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று நிதானமாகச் சொல்கிறார். அதனால் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டி, எல்லோரும் பசியில் இருக்கிறார்கள் என்று எழுதவும் முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எழுபத்தொன்று என்ற எண்ணுக்கு ஓர் அர்த்தமும் இல்லை என்பதுதான்.

மேட்டுக் குடியிருப்பின் பதிவுகளையும் கேட்டேன். சோபாவில் சாய்ந்து, காபி குடித்துக்கொண்டு, "போதாது" என்று ரசித்துச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் யாரும் எதையும் நிறுத்திவிட மாட்டார்கள் என்ற தெம்பு குரலில் தெரிகிறது.

அந்தச் சொல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? பிறந்ததிலிருந்து நானும் இந்தச் சொல்லைத்தானே வாயில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

டிக்கிடம் சொன்னேன். குற்றம் சாட்டுவது போல ஆகிவிடக் கூடாது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். ஆகிவிட்டது.

"மேடம், முதல்ல வர்ற வார்த்தையக் குறின்னு நீங்கதானே பயிற்சி குடுத்தீங்க? விளக்கம் கேட்டா சம்பளத்துல பிடிப்போம்னு பேப்பர்ல போட்டிருந்தது. யார் போட்டது?"

நான்தான் போட்டேன். அவள் போனபிறகு அந்தப் பயிற்சித் தாளை எடுத்துப் பார்த்தேன். நிறுத்தற்குறி ஒன்றுகூடப் பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

சராசரியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பதிவைக் கேட்கவும் வைத்தேன். இஸ்திரிக்கார அம்மாவின் "தீஞ்சுடும்" வந்ததும் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிக்கத் தெரிந்தவர். பிறகு சொன்னார், எண்ணூற்றுப் பன்னிரண்டு வீட்டில் பத்து இருபது இப்படி இருக்கும், அப்படியும் இருக்கும், சராசரியில் சரியாகிவிடும் என்று.

ஆகாது சார், பிழை இரண்டு பக்கமும் இருந்தால்தான் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இது எல்லாமே ஒரே பக்கம் சாய்கிறது என்றேன். யாரும் அவசரத்தில் "போதாது, போதாது, கிளம்புங்க" என்று சொல்வதில்லையே.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போதாதுன்னு வந்திருந்தா நீ அறுபது டேப் கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். நான் எதிர்பார்த்த பதில் வந்திருந்தால், இருபதில் பத்தைக் கேட்டுச் சான்று கொடுத்துவிட்டு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பியிருப்பேன். மனிதர் குறி தவறாமல் அடித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னது என்னைப் பற்றி. அந்தத் தெருவைப் பற்றி அல்ல. இந்தப் பதில் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. எனக்கு எல்லாப் பதிலும் பஸ்ஸில்தான்.

ஜூன் 21, சனி

ஆலைத் தெருவுக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்த கணவர், கண்ணைத் திறக்காமலே, "குடை எடுத்துக்கோ" என்றார்.

இஸ்திரிக்கார அம்மாவிடம், ஒலிப்பதிவு இல்லை, பேப்பர் இல்லை, நிதானமாகவே கேட்கிறேன் என்று சொல்லி, பை உங்களுக்குப் போதுமா என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்த்தார். "போதும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் நான்தான் பைத்தியமா? முதலில் சொன்னதே சரியா? கிளம்பலாம் என்று எழுந்தபோது, அவராகவே குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு விடுங்க. பக்கத்து வீட்டைப் பாருங்க. அஞ்சு பேரு. வியாழக்கிழமையே பை காலி. கேட்டா சொல்ல மாட்டாங்க."

பக்கத்து வீட்டில் காவலாளியின் மனைவி. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு அவரும் சுவரைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். இஸ்திரி போடுகிறவங்களைத்தான் பார்க்கணும், வாரக் கடைசியில் அந்த வீட்டில் அடுப்புச் சத்தமே கேட்பதில்லை, கேட்டால் சாப்பிட்டாச்சு என்பார்கள் என்றார்.

இரண்டு கதவுக்கும் நடுவில் நாலு அடிதான் இருக்கும். நான் அங்கே நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்கவும் மறந்துபோனேன்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று நாளில் நாற்பத்து மூன்று வீடு. சனி, ஞாயிறு, இன்று பொய்யாக ஒரு வயிற்றுவலி. டிக்கும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. "தப்பு ரெண்டு பேரும் சேர்ந்துதானே பண்ணோம்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஒரு வீட்டுக்கு இரண்டே கேள்வி. உங்களுக்குப் போதுமா? உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போதுமா?

தங்களுக்குப் போதும் என்றவர்கள் முப்பத்தொன்று. பக்கத்து வீட்டுக்குப் போதவில்லை என்றவர்கள் முப்பத்தெட்டு. எல்லோரும் ஒருவருக்கொருவர் பக்கத்து வீடுதான்.

ஜூன் 26, வியாழன்

அந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதி சராசரியின் மேசையில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் சொல்லியது. நாளை நலத்துறையில் கட்டுரை. இருபது பேருக்கு அழைப்புப் போயிருக்கிறது. "இதை அடுத்த கட்டுரையா பண்ணலாம். நல்ல கட்டுரையா வரும்" என்றார்.

அடுத்த கட்டுரை வருவதற்குள் பாதிப் பைதான் வரும் சார் என்றேன்.

"நீ நாளைக்கு ரெண்டாவது வரிசையில உக்காரு. கேள்வி வந்தா நான் பாத்துக்கறேன்."

ஜூன் 27, வெள்ளி

வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி அம்மா கேட்கவும் கேட்டார். கண்ணாடிக்குச் சங்கிலி போட்ட, குறைவாகப் பேசும் மனுஷி. "இவங்க நிஜமாவே இவ்வளவு நிறைவா இருக்காங்களா?" என்று கேட்டு, சராசரியைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தார். சராசரி பேச ஆரம்பித்தார். நான் தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். பொடிப்பொடியாகக் கிழித்தேன். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை, நானே தட்டினேன்.

ஜூன் 28, சனி

சீ.

ஜூன் 30, திங்கள்

ஞாயிறு முழுக்க வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ நடக்கறதப் பாத்தா எனக்கு மயக்கமா வருது" என்றாள். ஊழியர் குடியிருப்பில் ஜன்னல் பெரிது, அவளுக்கென்று ஒரு மேசை போடலாம் என்று அவளிடம் நானே ஆசை காட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சமைத்தது தீய்ந்துபோனது. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியதும் அந்த அம்மாவின் குரல் காதில் கேட்டது. என்ன கொடுமை!

இன்று மத்தியானம் அதிகாரி அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். முப்பத்தெட்டாவது கேள்வியை எழுதியவள் நான், அதில் பிழை இருக்கிறது, பிழை என்னுடையது, அந்தக் கேள்வியை வைத்து யாருடைய பையையும் குறைக்க வேண்டாம் என்று. கூடவே பன்னிரண்டு பதிவுகள், பெயரும் வீட்டு எண்ணும் நீக்கி. நாற்பத்து மூன்று வீட்டின் தாள்.

கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். வீடு போகும் என்று அவருக்கும் தெரியும். நிரந்தரமானதும் ராத்திரி ஷிப்டை விட்டுவிடலாம் என்று அவர் நினைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

"அனுப்பிடு. மூணாவது வரியில ஒரு கொம்பு விட்டுப்போச்சு, அதைப் போட்டுட்டு அனுப்பு."

போட்டேன். அனுப்பினேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 4, வெள்ளி

சராசரி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் மேசைக்கு வந்து, கடிதத்தின் நகலை வைத்து, "என் பேரைப் போடலையே. அதுக்கு நன்றி சொல்லணுமா, கோவப்படணுமான்னு தெரியல" என்றார். பிறகு போய்விட்டார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியம் உணவறையில் நான் உட்கார்ந்த மேசையில் டிக் மட்டும்.

ஜூலை 11, வெள்ளி

அதிகாரி அம்மாவின் பதில், நாலு வரி. அறிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது. பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்வது கேள்விப்பட்ட செய்தி, அது கோப்பில் ஏறாது. வரும் வெள்ளிக்கிழமை அவரே ஆலைத் தெருவுக்கு வந்து கேட்பார். அவரவர் தேவையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பை முழுசாகத் தொடரும். சொல்லாவிட்டால் பரிந்துரைப்படி நடக்கும்.

ஐயோ. அதைச் சொல்லத்தானே அவர்களால் முடியாது! நான் நல்லது செய்யப் போய், தெருவில் நிற்கவைத்துச் சொல்லச் சொல்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

இஸ்திரிக்கார அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை போதவில்லை என்று சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது ஆராய்ச்சி அல்ல, நாடகம். என்ன நடக்கப்போகிறது, எதற்காகக் கேட்பார்கள், சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஏழு சட்டை மடித்தார். கடைசியில், தன் மகள் கல்லூரியில் படிக்கிறாள், வெள்ளிக்கிழமை அவளுக்கு வகுப்பு இல்லை, வீட்டில்தான் இருப்பாள் என்றார். எதற்காக அதைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

இப்போது புரிகிறது.

இஸ்திரி மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு அதிகாரி அம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் எழுதுகிற ஒருவர். தெருவில் முந்நூறு பேர் இருக்கும். சராசரியும் வந்திருந்தார், பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு.

"நேரா கேக்கறேன். வர்ற பை உங்களுக்குப் போதுமா?"

ஒருத்தர் வாயும் அசையவில்லை. காவலாளி முன்னால் வந்தார். நிமிர்ந்து நின்று, "எங்களுக்கு ஒண்ணும் குறையில்லைங்க. பக்கத்து வீட்லதான்" என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறேன் என்றார் அதிகாரி அம்மா. காவலாளி செருப்பைப் பார்த்தார். போதும்ங்க என்றார். எழுதுகிறவர் எழுதினார். அடுத்தவர், போதும்ங்க. அடுத்தவர், பரவாயில்லைங்க. ஓடிப்போய் அந்தப் பேனாவைப் பிடுங்கலாமா என்று இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குப் போதலை."

சத்தமாகச் சொல்லச் சொன்னார் அதிகாரி அம்மா.

"எனக்குப் போதலைங்க. வெள்ளி, சனி ரெண்டு நாளும் நான் ஒரு வேளைதான் சாப்பிடறேன். பொண்ணு கேட்டா, முன்னாடியே சாப்டாச்சுன்னு சொல்லிடுவேன்."

மகள் பின்னால்தான் நின்றாள். கையில் துணி மூட்டை. அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் மூட்டையைக் கீழே வைக்கவும் இல்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. மடித்த சட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன, யாரும் எடுக்கவில்லை.

காவலாளியின் மனைவி, கணவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்களுக்கும்" என்றார். பிறகு வரிசை சேர்ந்துவிட்டது. மூன்று மணி நேரம். காவலாளி கடைசியில் மறுபடியும் வந்து, முதலில் சொன்னதை அடித்துவிட முடியுமா என்று கேட்டார். மகள் சம்பாதிக்கும் அந்த அம்மாவும் வந்தார். எங்களுக்கு வேண்டாம் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது இஸ்திரிக்கார அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று போனேன். அவர் விழுந்த சட்டைகளை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மகள் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் அந்த வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனேன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. பை ஒரு வருடத்துக்கு முழுசாகத் தொடரும், ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு ஒன்றரை. பயிற்சி வகுப்பு இல்லை. டிக் என் மேசையில் வந்து இரண்டு கையாலும் தட்டினாள்.

நாலு மணிக்கு இன்னொரு கடிதம். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நிதி ஒதுக்கீட்டுக் காரணங்களால் நீட்டிக்க இயலவில்லை. நிரந்தரப் பணியிடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சராசரி அறையில் இல்லை, வெளியூர் போயிருக்கிறாராம். மேசையைக் காலி செய்தேன். ஒரு பையில் அடங்கிவிட்டது.

வருத்தமா? ஆமாம். கோபமா? அதுவும்தான். பதினோரு வருடம்! செய்தது தப்பு என்று மட்டும் ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அந்தப் பெண் அழுதது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வீட்டைக் காலி செய்ய இன்னும் நாலு நாள். பார்த்த வீடெல்லாம் கைக்கு எட்டவில்லை. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், மகள் அவளுடைய புத்தகங்களைத் தானாகவே கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் எண்ணை எடுத்தேன். வைத்தேன். சமையலறைக்குப் போய் வந்தேன். மறுபடி எடுத்து, ஒரு தடவை மணி அடித்ததும் வெட்டினேன். உடனே அவளே கூப்பிட்டாள். என்ன, எல்லாம் சௌக்கியமா என்றாள்.

"இல்லக்கா. வேலை போயிடுச்சு. வீடும் இல்ல. எங்களால முடியல. கொஞ்ச நாள் உன் வீட்ல வந்து இருக்கலாமா?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதில் எத்தனை தட்டு காலி பண்ணட்டும் என்றாள்.

ஒன்று என்று வாய் வரைக்கும் வந்தது.

"நாலு வேணும்க்கா" என்றேன்.